கரண்டா, பெட்ரோலா? நடுவானில் நின்ற இரண்டு எஞ்சின்கள்

ஒரகடம் கூட்டுச்சாலைப் பக்கம் எந்த டூவீலர் மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: ‘கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா?’ பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் சாய்த்து வைத்து, கிக்கரை உதைத்து, பொறி பறக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பெட்ரோல் டியூபை உருவிப் பார்ப்பார். இரண்டும் சரியாக இருந்தால்தான் ஸ்பேனர் ஹெட்டுக்குப் போகும். நின்றுபோன எஞ்சின்களில் பெரும்பாலானவை உடைந்து நிற்பதில்லை என்று கைகள் கண்டறிந்த வரிசை அது.

வானில் நின்றுபோன எஞ்சினுக்கு இந்த வரிசை எவ்வளவு பொருந்தும்? அது எஞ்சினின் வகையைப் பொறுத்தது. வழக்கமான பிஸ்டன் விமான எஞ்சினில் கரண்டும் பெட்ரோலும் சரியாக இருந்தும் உலோகம் உடைந்து நிற்க வழிகள் ஏராளம். உடைந்தால் உடைந்த துண்டே சாட்சி சொல்லும். சுழலும் முக்கோண ரோட்டர் கொண்ட வான்கெல் எஞ்சினில் உள்ளுறுப்புகள் திடீரென உடைந்து நிற்பது அபூர்வம். குற்றவாளி பெரும்பாலும் வெளியே, ஒயரிலோ ஹோஸிலோ சென்சாரிலோ ஒளிந்திருப்பான். அவசரப்பட்டு எஞ்சினைப் பிரித்தவர் நல்ல நிலையில் உள்ள உறுப்புகளைப் பார்த்துத் திகைத்து நிற்பார். பிரிக்கும்போது கழற்றிய ஒயர்களோடு உண்மையான தடயமும் போயிருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் தடத்தில் இதைப் பேசக் காரணம் உண்டு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவை உருவாக்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்தது, 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸ், 2013இல் ராயல் என்ஃபீல்டு. இந்தத் தடத்தில் எஞ்சினைக் கையாண்ட தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது. அந்தத் தலைமுறை கற்றதெல்லாம் பிஸ்டன் எஞ்சின். இப்போது அதே தடத்தில் வல்லம் வடகாலில் சிப்காட்டின் ஏரோஸ்பேஸ் பூங்கா இருக்கிறது. ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் பொது மையம் ஒன்றுக்கும் அங்கே திட்டம் போடப்பட்டது. முப்பது, ஐம்பது குதிரைத்திறன் அளவில் எடை குறைந்த எஞ்சின் வேண்டும் என்று ஆளில்லா விமானம் கட்டுபவர்கள் தேடும்போது வான்கெல் எஞ்சின் அடிக்கடி எதிரே வரும். பிஸ்டன் பழகிய கைகளில் அது வந்து சேரும் நாளுக்கு முன்பே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நம் நாட்டுக்கு இந்த எஞ்சின் புதிதல்ல. நிஷாந்த் என்ற ஆளில்லா வேவு விமானத்துக்காக பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமும், அகமதுநகரில் உள்ள டிஆர்டிஓவின் வாகன ஆராய்ச்சி நிறுவனமும், பெங்களூர் வானூர்தி மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வான்கெல் எஞ்சின் ஒன்றைச் செய்தன. எடை சுமார் 30 கிலோ. 2009 ஏப்ரலில் கோலார் அருகே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தைச் சேர்ந்த, கைவிடப்பட்ட ஓடுதளம் ஒன்றில் அது முதன்முறையாகப் பறந்தது. 1.8 கிலோமீட்டர் உயரம் ஏறி, சுமார் 40 நிமிடம் பறந்து, வறண்ட ஏரி ஒன்றில் பத்திரமாக இறங்கியது. ரோட்டர் ஓடும் உறையின் உட்புறத்துக்கு நிக்கல் சிலிக்கன் கார்பைடு பூச்சு, அலுமினிய வார்ப்பு என்று அடிப்படை வேலை முழுவதையும் தேசிய விண்வெளி ஆய்வகம் செய்தது. இக்னிஷன், எரிபொருள் அமைப்பு போன்றவை அகமதுநகரில் உருவாயின. இந்த வேலைப் பிரிவினையைக் கவனியுங்கள். உள்ளே ஒரு குழு, வெளியே ஒரு குழு. எஞ்சின் நின்றால் விசாரணையும் அப்படித்தான் இரண்டாகப் பிரியும்.

வீட்டில் விமானம் கட்டுபவர்கள் கதை வேறு. மும்பையில் அடுக்குமாடி மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டி, 2016இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் வைத்த விமானி அமோல் யாதவ் நமக்குத் தெரிந்த பெயர். பறக்க அனுமதி வாங்க அவர் 2019 வரை போராட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் இந்தப் பழக்கம் மிகப் பரவலானது. அங்கே ஒரு சிறு கூட்டம் மாஸ்டாவின் 13பி என்ற கார் எஞ்சினை விமானத்தில் பொருத்திப் பறக்கிறது. ஒவ்வொன்றும் 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டர்கள். வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, கனெக்டிங் ராடு இல்லை. அசையும் முக்கிய உறுப்புகள் மூன்றே: இரண்டு ரோட்டர், ஒரு ஷாஃப்ட். பக்கத்தில் ஒரு லைகமிங் ஓ-360 எஞ்சினை வையுங்கள். நான்கு சிலிண்டர், ஏறத்தாழ 5.9 லிட்டர், காற்றில் குளிரும் உடல், 2,700 சுற்றில் 180 குதிரைத்திறன். எட்டு வால்வு, அவற்றின் ஸ்பிரிங்குகள், புஷ்ராடுகள், நான்கு கனெக்டிங் ராடுகள். உடையக்கூடிய உறுப்புகளை எண்ணினால் லைகமிங் பட்டியல் நீளம். ஆனால் அதை ஓட வைக்கத் தேவையானவற்றை எண்ணினால் கணக்கு தலைகீழாகிறது. லைகமிங்குக்கு பேட்டரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கியர்பாக்ஸ் வேண்டாம். மாஸ்டாவுக்கு மூன்றும் வேண்டும்.

முதலில் பொறியைப் பார்ப்போம். லைகமிங்கில் இரண்டு மேக்னெட்டோ. ஒவ்வொன்றும் தனக்கான மின்சாரத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளும். பேட்டரி செத்தாலும், ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தாலும் எஞ்சின் ஓடும். ஒரு மேக்னெட்டோ போனால் சில பத்துச் சுற்றுகள் குறையுமே தவிர நிற்காது. மாஸ்டாவிலும் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக் உண்டு, தனித்தனிக் காயிலும் உண்டு. பார்த்தால் அதே பாதுகாப்பு இருப்பதாகத் தெரியும். ஆனால் அந்தக் காயில்களும், பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களும், பம்பும், எல்லாவற்றையும் ஆளும் கணினியான ஈசியுவும் ஒரே பேட்டரியில் தொங்கும். பல விமானங்களில் அத்தனையும் வந்து சேர்வது ஒரே எர்த் போல்ட்டில். இரண்டு கணினி வைத்து, இரண்டு பம்ப் வைத்து, கடைசியில் ஒரு போல்ட்டை நம்பிப் பறப்பது எந்த விதத்தில் இரட்டைப் பாதுகாப்பு? அந்த போல்ட்டுக்கு அடியில் கொஞ்சம் பெயின்ட் ஒட்டியிருந்தால் போதும். தரையில் சோதிக்கும்போது சரியாக இருக்கும். சூடும் அதிர்வும் சேர்ந்த ஒரு கணத்தில் தொடர்பு விடும். கீழே இறங்கி வந்து பார்த்தால் மறுபடி ஓடும். வான்கெல் எஞ்சினைக் கட்டுபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த போல்ட்டைத்தான்.

சென்சாரின் பிரச்சினை இன்னும் நுட்பமானது. ஷாஃப்ட் எங்கே நிற்கிறது என்று ஈசியுவுக்குச் சொல்வது ஒரு சிறு சென்சாரும் அதன் மெல்லிய ஒயரும். அந்த ஒயரைப் பிளக் ஒயருக்குப் பக்கத்தில் கட்டிவிட்டால் பொறியின் மின்காந்த இரைச்சல் அதில் ஏறும். ஈசியு ஷாஃப்டோடு சுழலும் சக்கரத்தின் பல்லைத் தவறாக எண்ணி, நேரம் தப்பி, பொறியையே நிறுத்திவிடலாம். ஒரு திருகுகூடத் தளர்ந்திருக்காது, ஒரு உறுப்புகூடக் கருகியிருக்காது. ஒரகடத்தில் நாட்ரிப் என்ற மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் வந்த வாகன ஆய்வு மையமான ஜிஏஆர்சியின் சிறப்புத் துறைகளில் ஒன்று இந்த மின்காந்த ஒத்திசைவுச் சோதனைதான். கார் கம்பெனிகள் ஒரு ஒயர் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்கே மாதக்கணக்கில் செலவிடுகின்றன. அதே காரின் எஞ்சினைத் தனி ஆள் விமானத்தில் பொருத்தும்போது அந்த உழைப்பு முழுவதும் காரோடு தங்கிவிடுகிறது. எஞ்சின் மட்டும் வருகிறது.

காரோடு தங்க வேண்டிய ஒன்று கூடவே வந்துவிடுவதும் உண்டு. கார் ஈசியு எஞ்சினைக் காப்பாற்றத் தெரிந்தது. வெப்பம் ஏறினாலோ சென்சார் ஒன்று உளறினாலோ சக்தியைக் குறைத்து ‘லிம்ப் மோடு’க்குப் போகும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் எஞ்சின் அப்படி அடங்கினால் ஓரங்கட்டலாம். முந்நூறு அடி உயரத்தில் ஓரம் கிடையாது. அங்கே எஞ்சின் நாசமானாலும் பரவாயில்லை, இன்னும் இரண்டு நிமிடம் இழுக்க வேண்டும். லிம்ப் மோடு அப்படியே இருக்கும் ஒரு எஞ்சினில், ‘திடீரென சக்தி போனது’ என்று விமானி சொன்னால், போனதா அல்லது கணினி பறித்துக்கொண்டதா என்று முதலில் கேட்க வேண்டும். வான்கெல் எனும் ரோட்டரி எஞ்சினின் இயல்பை நினைத்தால் இது இன்னும் வேதனை தரும் விஷயம். தண்ணீர் வடிந்து சூடேறிய நிலையிலும், ஒரு சீல் உடைந்த நிலையிலும் சக்தி குறைந்து, உதறிக்கொண்டாவது சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும் எஞ்சின் அது. பிஸ்டன் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனைக் குத்தி ஓட்டையாக்கிவிடும். கனெக்டிங் ராடு முறிந்தால் கேஸையே பிளந்து வெளியே வரும்.

வான்கெலின் உள்ளே உடையக்கூடியது எது? ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஒவ்வொரு ஏபெக்ஸ் சீல். 13பியில் 80 மில்லிமீட்டர் நீளம், மாடலைப் பொறுத்து 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பட்டை. அறுபதுகளில் கெனிச்சி யாமமோட்டோவின் தலைமையில் மாஸ்டா பொறியாளர்கள் போராடியது இந்தப் பட்டையோடுதான். அது அதிர்ந்து அதிர்ந்து உறையின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டது. அந்தக் கீறல்களுக்குப் பேயின் நகக்குறி என்றே பெயர் வைத்திருந்தார்கள். பொருளையும் வடிவத்தையும் மாற்றி அதை வென்றார்கள். 1991இல் மாஸ்டா 787பி, லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் எஞ்சினோடு வென்றதற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. இன்றைக்கு ஏபெக்ஸ் சீல் உடைந்தால் பெரும்பாலும் அதற்கு முன்பே டெட்டனேஷனோ கடும் சூடோ நடந்திருக்கும். உடைந்த சீலைக் கண்டதும் ‘காரணம் கிடைத்துவிட்டது’ என்று எழுதிவிடக் கூடாது. அது விளைவு. பெட்ரோல் கலவை மெலிந்ததா, பம்ப் அழுத்தம் இறங்கியதா என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

சீல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மட்டும் கழற்றினால் போர்ட் வழியாகச் சீல் தெரியும். புரொப்பல்லரைக் கையால் மெல்லத் திருப்ப, ஒவ்வொரு சீலும் போர்ட்டைக் கடந்துபோகும். ஒரு மரக்குச்சியால் மெதுவாக அழுத்தினால் உள்ளே போய் ஸ்பிரிங் பலத்தில் திரும்ப வர வேண்டும். ரோட்டருக்கு மூன்று, மொத்தம் ஆறு. லைகமிங்கில் இதே வேலைக்குப் பிளக் துளை வழியாகப் போரோஸ்கோப்பை இறக்கி எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் பார்ப்பார்கள். நிறம் வட்டமாக, சமமாக இருந்தால் நல்ல வால்வு. ஒரு ஓரம் மட்டும் வெளுத்து வேறுபட்டால் அங்கே சூட்டுக்கசிவு தொடங்கிவிட்டது.

பிஸ்டன் பழகிய கை ஏமாறும் இடம் கம்ப்ரஷன் கேஜ். சாதாரணக் கேஜின் அடியில் ஒரு சிறு வால்வு இருக்கும். அடிக்கும் அழுத்தங்களில் உயர்ந்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிண்டருக்கு அது போதும், ஏனென்றால் ஒரு சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன். ரோட்டருக்கு மூன்று முகம். இரண்டு முகம் செத்து ஒன்று நன்றாக இருந்தாலும் கேஜ் அந்த ஒன்றின் அளவையே காட்டி ‘நன்று’ என்று சொல்லிவிடும். அந்த வால்வைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் முள் தொடர்ந்து துள்ளும். மூன்று துள்ளலும் சமமாக இருக்க வேண்டும். ஆர்எக்ஸ்-7 கார் காலத்து மாஸ்டா கணக்கில் நிமிடத்துக்கு 250 சுற்றில் ஒவ்வொன்றும் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோவுக்குக் குறையக் கூடாது, தமக்குள் 1.5 கிலோவுக்கு மேல் வேறுபடவும் கூடாது. கேஜ் கையில் இல்லையென்றாலும் பாதகமில்லை. பிளக்கைக் கழற்றிக் காதைக் கொடுத்துக்கொண்டு புரொப்பல்லரைத் திருப்பினால் மூன்று மூச்சு கேட்கும். ஒன்று மெலிந்திருந்தால் காது கண்டுபிடித்துவிடும். லைகமிங்கில் இதற்கு மாறாக 80 பிஎஸ்ஐ காற்றை உள்ளே விட்டு எங்கே சீறுகிறது என்று கேட்பார்கள். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று வரும் வழியில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்.

பெட்ரோலைப் பொறுத்தவரை நம் ஊர் வானிலை இரண்டு எஞ்சின்களையும் இரண்டு விதமாகத் தாக்கும். கார்பரேட்டர் உள்ள பிஸ்டன் எஞ்சினுக்குப் பகை ஐப்பசி, கார்த்திகை. பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகலில் புகும்போதும் கார்பரேட்டருக்குள் வெப்பம் இருபது டிகிரிக்கு மேலும் இறங்கும். ஈரம் நிறைந்த காற்றாக இருந்தால், வெளியே 25 டிகிரி இருக்கும்போதே உள்ளே பனி கட்டும். குளிர்நாட்டுப் பிரச்சினை என்று நினைத்து நம் விமானிகள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. மழைக்காலக் காலை, குறைந்த த்ராட்டிலில் இறக்கம், இவ்வளவு போதும். தடயம் என்ற கோணத்தில் பார்த்தால் பிஸ்டன் எஞ்சினின் மிகக் கள்ளமான தோல்வி இதுதான். விமானம் வயலில் இறங்கி ஆள் போய்ச் சேருவதற்குள் பனி உருகிவிடும். எல்லாம் சரியாக இருக்கிறது என்றே அறிக்கை வரும். பிஸ்டன் எஞ்சின் சாட்சி விட்டுச் செல்லும் என்று நான் சொன்னதற்கு இது பெரிய விதிவிலக்கு.

இன்ஜெக்‌ஷன் உள்ள ரோட்டரிக்குப் பகை சித்திரை, வைகாசி. கார்பரேட்டர் இல்லாததால் இந்தப் பனி கிடையாது. ஆனால் எஞ்சினை மூடிய நெருக்கமான கௌலிங்குக்குள் தொள்ளாயிரம் டிகிரியை ஒட்டிய புகைக்குழாய். பறந்து இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி கிளம்பும் அந்த இருபது நிமிடத்தில் நின்ற எஞ்சினின் சூடு பெட்ரோல் குழாய்களுக்கு ஏறுகிறது. பம்ப் அழுத்தும் பக்கம் தாங்கும். இறக்கையிலிருந்து உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு, அங்கே பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டும். பம்ப் குமிழியைத் தள்ள முடியாமல் திணறும். எஞ்சின் ஓடுதளத்தில் நன்றாக இழுத்து, ஏறும்போது இருமி, நின்றுவிடும். குழாய் ஆறியதும் மறுபடி பெட்ரோல் வரும். தொட்டிக்குள்ளோ அதற்கு அடியிலோ பம்பை வைத்தால், பெட்ரோல் மேலிருந்து விழும்படி அமைத்தால் இது பெரும்பாலும் தீரும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு தொல்லை: ஹோஸ்களின் ரப்பரையும் சில பிசின் தொட்டிகளின் உட்பூச்சையும் அது மெல்ல இளக்கும். இளகிய துகள்கள் ஃபில்டரில் சேரும். ஃபில்டரைத் திறந்து பார்த்து, தொட்டியின் அடியிலிருந்து மாதிரி எடுத்து வைக்காமல் எஞ்சினில் கை வைப்பது இரண்டு வகை எஞ்சினிலும் தவறு.

என்னை மிகவும் ஈர்க்கும் தடயம் ஒலி. இன்று விமானிகள் பலர் முன்கண்ணாடியில் கேமரா ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதன் ஒலிப்பதிவை அலைவெண் வாரியாகப் பிரித்துப் படமாக்கினால் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது என்று படித்துவிடலாம். லைகமிங் 2,700 சுற்றில் ஓடும்போது எரிப்புத் துடிப்பு நொடிக்கு 90. இரட்டை இலைப் புரொப்பல்லர் நேரடியாக ஷாஃப்டில் இருப்பதால் இலைகளின் துடிப்பும் நொடிக்கு 90. இரண்டும் ஒரே கோட்டில் விழும். எது எஞ்சின், எது புரொப்பல்லர் என்று அந்தக் கோட்டை வைத்துப் பிரிக்க இயலாது. 13பி 6,000 சுற்றில் ஓடும்போது எரிப்புத் துடிப்பு 200. கியர்பாக்ஸ் 2.85க்கு 1 என்றால் புரொப்பல்லர் சுமார் 2,105 சுற்று, மூன்று இலை என்றால் துடிப்பு 105. இரண்டு தனிக் கோடுகள். இரண்டும் ஒரே விகிதத்தில் சேர்ந்து சரிந்தால் எஞ்சின்தான் ஓய்ந்தது. மேல்கோடு துள்ளி ஏறிக் கீழ்க்கோடு சரிந்தால் கியர்பாக்ஸோ அதன் டேம்பரோ போய்விட்டது, சுமை நீங்கிய எஞ்சின் தறிகெட்டு ஓடியிருக்கிறது. உடனே ஈசியு சுற்று வரம்பைத் தொட்டுப் பெட்ரோலை வெட்டியிருக்கும். கீழே நின்றவர் ‘சத்தம் கூடி, திக்கித் திக்கி நின்றது’ என்பார். மேல்கோடு கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கணத்தில் அறுந்தால் கரண்ட். விட்டுவிட்டு, திணறி மங்கினால் பெட்ரோல். மெக்கானிக்கின் அதே இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தப் படத்தில் இருக்கிறது.

ஈசியுவின் பதிவையும் இதோடு ஒப்பிட வேண்டும். பதிவு நின்ற நேரமும் ஒலி நின்ற நேரமும் ஒன்றாக இருந்தால் மின்சாரம் மொத்தமாகப் போயிருக்கிறது. எஞ்சின் அடங்கிய பிறகும் பதிவு ஓடியிருந்தால் ஈசியு உயிரோடுதான் இருந்தது, சென்சாரையும் பம்பையும் தேட வேண்டும். இதற்காகவே, சம்பவத்துக்குப் பின் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. சில கருவிகளில் பழைய பதிவு அந்த ஒரு திருகலில் அழிந்துவிடும். ஸ்விட்சுகள் எந்த நிலையில் இருந்தன, எந்த ஃபியூஸ் தெறித்தது, எந்தப் பெட்ரோல் வால்வு எந்தத் தொட்டியைக் காட்டியது என்று முதலில் படம் பிடிக்க வேண்டும். வெறும் தொட்டியில் வால்வை வைத்துவிட்டுப் பறந்தவர்கள் இரண்டு வகை எஞ்சினிலும் உண்டு.

நிஷாந்த் போன்ற ஆளில்லா விமானத்தில் காது கொடுத்துக் கேட்க உள்ளே யாரும் இல்லை. தரைக்கு வரும் தொலையளவுத் தகவல் மட்டுமே சாட்சி. அதுவும் விமானத்தின் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. வல்லம் வடகாலில் ரோட்டரி எஞ்சின் பொருத்திய விமானம் ஏதேனும் சோதனைக்கு வரும் என்றால், அதை ஏற்பவர்கள் கேட்க வேண்டியது அதிகம் இல்லை: எஞ்சின் பக்கத்தில் சின்ன மைக் ஒன்று, தனி பேட்டரியில் ஓடும் பதிவுக் கருவி ஒன்று, பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் ஒரு அழுத்த சென்சார். மூன்றும் சேர்ந்து நூறு கிராமைச் சுற்றித்தான் வரும்.